பிம்முக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

விதின்,
அக்டோபர் 9

அன்புள்ள ஓக்னியான் அண்ணா,

நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல் உனக்கு எழுதுவேன் என்று முதல் வரியிலேயே உறுதி சொல்லிவிடுகிறேன். மலை உச்சி வானிலை நிலையத்தில் தொலைபேசி எடுக்காது, இணையம் காற்றையும் பனியையும் அளந்து அனுப்ப மட்டும்தான் என்று நீ சொன்னபோது அம்மா அழுதாள். நான் கடைக்குப் போய்க் கடிதத்தாள் வாங்கி வந்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டப் போகிறார். இதை எழுதும்போது அம்மா பின்னால் நின்று சொல்கிறாள்: "ஒழுங்கா சாப்பிடுறானான்னு கேளு. கூட இருக்கிற அந்தப் பெரியவர் நல்லவரான்னு கேளு. ரெண்டு ஜோடி காலுறை பத்துமான்னு கேளு. கேட்டியா?" கேட்டுவிட்டேன்.

இப்போது கெட்ட செய்தி. நீ அகராதிக்குள் எழுதி வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லைப் போட்டு, சொன்னபடியே தினமும் 'அக்கரை' விளையாட்டுக்குள் போய் நம் படகை ஒரு தடவை ஓட்டி வந்தேன். ஐந்தாம் தேதி புது அப்டேட் வந்தது. படகோட்டி பிம்மை எடுத்துவிட்டார்கள். படகு தானாகவே போகிறது, தானாகவே வருகிறது. துறையில் இருக்கும் மூன்று விளக்குகளும் தாமாக அணைகின்றன. பிம் ஒவ்வொரு விளக்காகப் போய் அணைப்பாரே, மூன்றாவதை அணைத்ததும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாரே, அது இனி இல்லை. எனக்கு ஆறு வயதில் நீ மடியில் உட்கார வைத்து முதலில் காட்டியது அதைத்தான்.

நாம் ஏழு வருடமாகக் கட்டிய ஊர் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் துறைக்குப் போனால் யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போனதுபோல இருக்கிறது.

குளிரில் காதை மூடிக்கொள்.

உன் தங்கை,
இக்லிகா

*

வானிலை நிலையம்,
அக்டோபர் 24

என் இக்லிகாவுக்கு,

உன் கடிதமும் அம்மா அனுப்பிய குடைமிளகாய்த் தொக்கும் ஒரே கம்பிவண்டியில் தொங்கியபடி மேலே வந்தன. தொக்கு ஜாடி உடையவில்லை. அம்மாவிடம் சொல்: சாப்பிடுகிறேன், காலுறை பத்தும், ஸ்தாமென் மாமா நல்லவர். குறட்டை மட்டும் காற்றளக்கும் கருவியில் பதிவாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

வேலை எளிது. மூன்று மணிக்கொரு தடவை வெளியே போய் அளவெடுக்க வேண்டும். கதவைத் திறக்கத்தான் இரண்டு பேர் வேண்டியிருக்கிறது.

பிம் போன செய்தி மனதைக் கஷ்டப்படுத்திவிட்டது. மாமாவிடம் சொன்னேன். "யாருடா அது, சொந்தமா?" என்றார். விளையாட்டில் வரும் படகோட்டி என்றேன். "ஏழு வருஷம் லீவே எடுக்காம உழைச்ச ஆளை ஒரு வார்த்தை சொல்லாம அனுப்பிட்டாங்களா? நம்ம ஊரா இருந்தா கம்பத்துல ஒரு தாளாவது ஒட்டியிருப்போம்" என்றார். உண்மைதான். விதினில் யார் போனாலும் அம்மாவின் ஜெராக்ஸ் கடையில் கண்ணீர் அஞ்சலித் தாள் அடிக்காமல் அனுப்ப மாட்டோம்.

நான் இறங்கி வரும்வரை படகை நீ பார்த்துக்கொள். மற்ற விளையாட்டுகள் எப்படியோ போகட்டும். நம் துறை இருந்தால் போதும்.

அன்புடன்,
ஓக்னியான்

*

விதின்,
நவம்பர் 6

அன்புள்ள அண்ணா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் நலம். அப்பா முட்டைகோஸ் ஊறுகாய்ப் பீப்பாயைப் பால்கனிக்கு ஏற்றினார். மூன்றாம் மாடிவரை ஒவ்வொரு படியிலும் ஒரு கெட்ட வார்த்தை. நான் எண்ணினேன், எழுத மாட்டேன்.

வரலாற்றுத் தேர்வில் எனக்குத்தான் முதல் மதிப்பெண். உயிரியல் ஆசிரியை தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார், யாரும் எதுவும் சொல்லாததால் கோபமாக இருக்கிறார். டான்யூபில் தண்ணீர் ரொம்பக் குறைந்து மணல்மேடு தெரிகிறது. அதன்மேல் நாரைபோல ஒன்று நின்றது. நாரை இந்த மாதத்தில் இருக்காது என்று அப்பா சொல்கிறார். பிறகு பார்த்தால் அது ஒரு மரக்கிளை.

அம்மாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு பெண்மணி கணவருடைய படத்தைக் கொண்டுவந்தார். அஞ்சலித் தாளுக்கு. கல்யாணப் படம், பக்கத்தில் அவரும் இருக்கிறார். "என்னை வெட்டிடுங்க" என்றார். அம்மா வெட்டினாள். ஆனால் கணவர் தோளில் இருந்த மனைவியின் கையை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் பெண்மணி வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

தேர்வு இருந்ததால் இந்த வாரம் துறைப் பக்கம் போகவில்லை.

இந்தக் கடிதத்தில் எழுதியிருப்பது எல்லாம் உண்மை.

இக்லிகா

*

வானிலை நிலையம்,
நவம்பர் 21

என் இக்லிகாவுக்கு,

நான் நலம். பனி ஜன்னலின் பாதிவரை வந்துவிட்டது. ஸ்தாமென் மாமா பல் பிடுங்கக் கீழே போய் நேற்றுத்தான் மேலே வந்தார். செய்தித்தாள், வெங்காயம், எனக்கு வந்திருந்த சில தாள்கள் எல்லாம் கொண்டுவந்தார்.

உன் கடிதம் நான்கு பக்கம். மரக்கிளை இருக்கிறது, உயிரியல் ஆசிரியையின் முடி இருக்கிறது. பிம் பெயர் ஓர் இடத்திலும் இல்லை.

இங்கே எனக்கு வேண்டிய அளவு நேரம் உண்டு. நீ எவ்வளவு நீளமாக எழுதினாலும் படிப்பேன். எதை எழுதினாலும்.

ஓக்னியான்

*

விதின்,
டிசம்பர் 12

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் எழுத ஆறு தடவை உட்கார்ந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, எல்லோரும் சுகம். இப்போது உண்மையை எழுதுகிறேன்.

நீ மாமா சொன்னதை எழுதியிருந்தாய் அல்லவா, கம்பத்தில் ஒரு தாளாவது ஒட்டியிருப்போம் என்று. அந்தக் கடிதம் வந்த மறுநாளே ஒட்டினேன். அம்மா கடைக் கணினியில் கறுப்புக் கட்டம், துக்கத்துக்குப் போடும் சைப்ரஸ் கிளை, நடுவில் பிம்மின் முகம். கீழே இப்படி எழுதினேன்:

"ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறோம். ஏழு ஆண்டுகள் நம்மை அக்கரை சேர்த்த படகோட்டி பிம், அக்டோபர் ஐந்தாம் தேதி நம்மை விட்டுப் போனார். நாற்பதாம் நாள் நவம்பர் 13, காலை பதினொரு மணி. எல்லோரும் துறையில் சந்திப்போம். துயரத்தில் வாடும் பயணிகள்."

ஒரு தாளை அடித்துக் கடைக் கதவில் ஒட்டினேன். ஓய்வுபெற்ற தபால்காரர் கென்சோ வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு படித்தார்.

"பாவம். எந்தத் தெரு?"

"தெருன்னு இல்ல, துறைல இருந்தார்."

"என்ன வயசு?"

"ஏழு."

"ஏழு வயசுக்கு இம்மாம் பெரிய மீசையா?"

அம்மா உள்ளிருந்து வந்து தாளைக் கிழித்துவிட்டாள். "செத்தவங்களுக்கு அடிக்கிற தாள்டி இது. விளையாட்டா போச்சா உனக்கு?" என்றாள். நான் விளையாட்டாகச் செய்யவில்லை அண்ணா. அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை.

அதற்குள் அதையே ஆங்கிலத்தில் எழுதி, 'அக்கரை'யை விற்கும் நிறுவனத்தில் விளையாட்டுகளை வாங்கியவர்கள் கூடிப் பேசும் மன்றத்திலும் போட்டிருந்தேன். உன் கணக்கில் இருந்து, உன் பெயரில். பிம்மைத் தெரிந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நவம்பர் 3 அன்று படகு ஓட்டப் போனேன். படகு இல்லை. ஒரு வெள்ளைப் பலகைதான் வந்தது. பிம்மின் முகம் விளையாட்டைச் செய்த இடத்தில் வேலை செய்யும் ஒருவரை வைத்துச் செய்த முகமாம். உயிரோடு இருப்பவர். அவர் முகத்தைச் செத்தவர்போலக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டு, நாளும் மணியும் இடமும் குறித்து மிரட்டியதற்காகக் கணக்கை மூடுகிறோம் என்று இருந்தது. நீ வாங்கிய அறுபத்தொரு விளையாட்டுகளும் போய்விட்டன. நம் ஊரும்.

அவர்கள் ஊரில் யாருக்கும் நாற்பதாம் நாள் கிடையாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். நவம்பர் 28 அன்று அவர்களுக்கு எல்லா உண்மையையும் எழுதினேன். எழுதியது அண்ணன் இல்லை, பதின்மூன்று வயதுத் தங்கை, கடவுச்சொல் அகராதியில் இருந்தது என்று. நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி என்று பதில் வந்தது. கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுப்பது தனிக் குற்றம், ஆகவே கணக்கு இனி எப்போதும் திறக்கப்படாது என்றும் அதிலேயே இருந்தது.

நீ திட்டினாலும் சரி. ஆனால் எனக்கு அறுபத்தொன்றைவிட இன்னொன்றுதான் உறுத்துகிறது. அந்த மனிதர். அவர் பெயர்கூடத் தெரியாது. காலையில் எழுந்து தன் முகத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் பார்த்திருப்பார்.

இக்லிகா

*

வானிலை நிலையம்,
டிசம்பர் 27

என் இக்லிகாவுக்கு,

நலம். கிறிஸ்துமஸ் அன்று கம்பிவண்டி ஓடவில்லை. மாமாவும் நானும் பீன்ஸ் சூப் வைத்து, வீட்டில் செய்வதுபோல மேசையில் வெளியூர் போனவர்களுக்கும் ஒரு தட்டு வைத்தோம். வெளியூர் போனவர்கள் நாங்கள்தான் என்று பிறகுதான் நினைவு வந்தது. இரண்டு பேரும் அதிலிருந்தும் சாப்பிட்டோம்.

நீ உண்மை எழுதினாய், நானும் எழுதுகிறேன். எனக்கு நவம்பரிலேயே தெரியும். மாமா கீழே போனபோது என் மின்னஞ்சலை அச்செடுத்து வரச் சொல்லியிருந்தேன். அதில் நிறுவனத்தின் கடிதமும் இருந்தது, உன் அஞ்சலித் தாளும் இருந்தது. சைப்ரஸ் கிளையைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது. அம்மா கடைச் சைப்ரஸ் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அது சரியா என்று இப்போது தெரியவில்லை. பதினைந்து நாள் நீ தனியாக மென்று விழுங்கியிருக்கிறாய்.

இன்னொன்றும் உண்டு. மிரட்டியது நான்தான், வருந்துகிறேன் என்று முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் கணக்கைத் திறப்போம் என்று எனக்கு எழுதியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். டிசம்பர் முதல் தேதி மாமா கீழே போய் அனுப்பினார். "உங்கள் தங்கை மூன்று நாள் முன்பே உண்மையைச் சொல்லிவிட்டார்" என்று பதில் வந்திருக்கிறது. ஒரே வீட்டில் இருந்து ஒரு பொய்யும் ஓர் உண்மையும் ஒரே வாரத்தில் போயிருக்கின்றன. மாமா சிரித்த சிரிப்பில் பல் பிடுங்கிய இடத்தில் மறுபடியும் ரத்தம் வந்துவிட்டது.

தாளை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சிரிக்கவில்லை. எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். கிண்ணத்தில் இருந்த ராக்கியா சாராயத்தில், இறந்தவர்களுக்கு விடுவதுபோல, ஒரு சொட்டைத் தரையில் விட்டார். "புள்ள நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன்.

அறுபத்தொன்றில் நாற்பதை நான் திறந்ததே இல்லை. தள்ளுபடியில் வாங்கிப் போட்டவை. வாங்கினேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இரவல் கொடுத்திருந்தார்கள்போல. போனது நம் துறை ஒன்றுதான்.

அந்த மனிதர் பெயர் யோரிஸ். விளையாட்டு முடியும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் 'பிம்: யோரிஸ்' என்று வரும். ஏழு வருடமாகப் பார்த்திருக்கிறோம், கவனித்ததில்லை; நிறுவனத்தின் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது. அவர்களுடைய பட்டறை ஹாலந்தில் இருக்கிறது. விற்கிற நிறுவனம் வேறு, செய்கிறவர்கள் வேறு. பட்டறையின் முகவரி வீட்டில் என் மேசையில் இருக்கும் 'அக்கரை' சுவர்ப்படத்தின் பின்னால் அச்சாகியிருக்கிறது.

ஓக்னியான்

*

விதின்,
பிப்ரவரி 18

மதிப்பிற்குரிய யோரிஸ் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் இக்லிகா. டான்யூப் கரையில் விதின் என்ற ஊரில் ஏழாம் வகுப்புப் படிக்கிறேன். உங்கள் முகத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் வைத்தது நான்தான். இது ஐந்தாவது வரைவு. முந்தைய நான்கிலும் என்னைப் பற்றித்தான் அதிகம் இருந்தது.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அவர் படத்தோடு ஒரு தாள் அச்சடித்து வீட்டுக் கதவிலும் கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருடத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒன்று. என் பெரியப்பாவின் தாள் பன்னிரண்டு வருடமாக எங்கள் வாசலில் மாறிமாறி இருக்கிறது. காலையில் பள்ளிக்குப் போகும்போது அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போவேன். பிடிக்காதவர்களுக்கு யாரும் தாள் ஒட்ட மாட்டார்கள். நாள் குறிப்பது எல்லோரும் வந்து சேர்ந்து சாப்பிடுவதற்காக.

உங்களை மிரட்ட நினைக்கவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. பிம் மட்டும்தான் தெரியும். நீங்கள் பயந்திருந்தால் அந்தப் பயத்துக்கு நான்தான் காரணம், மன்னித்துக்கொள்ளுங்கள். கணக்கைத் திறக்கச் சொல்லிக் கேட்டு இதை எழுதவில்லை.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மாதான் ஊருக்கே அந்தத் தாள்களை அடிப்பவள். "உயிரோட இருக்கிற மனுஷனோட மூஞ்சியாடி அது? ஐயோ, அவர் பொண்டாட்டி என்ன பாடு பட்டிருப்பா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். உங்கள் மனைவியிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். கேட்கிறேன்.

இத்துடன் சிவப்பு வெள்ளை நூல்கள் இரண்டு வைத்திருக்கிறேன். மார்ச் முதல் தேதி கையில் கட்டிக்கொள்ளுங்கள். உடம்புக்கு நல்லது. முதல் நாரையைப் பார்த்ததும் அவிழ்த்து மரத்தில் கட்டிவிட வேண்டும்.

பணிவுடன்,
இக்லிகா

*

ஹாலந்து,
மார்ச் 20

அன்புள்ள இக்லிகாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். நேற்று வாய்க்கால் ஓரம் நாரையைப் பார்த்தோம். என் மனைவி மிதிவண்டியை அப்படியே போட்டுவிட்டு அங்கிருந்த மரத்தில் நூலைக் கட்டினாள். நானும் கட்டினேன்.

நீ உண்மை எழுதியிருப்பதால் நானும் எழுதுகிறேன். பயந்தேன். நவம்பர் 13 அன்று என் மனைவி என்னை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. பதினொரு மணிக்கு இருவரும் திரைச்சீலையை மூடிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். அந்த நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் எனக்காகத் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தாள் என்று இப்போது தெரிகிறது. "முதல்லயே தெரிஞ்சிருந்தா கேக் பண்ணியிருப்பேனே" என்கிறாள் மனைவி.

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்தேன். விளக்கை அணைக்கும் அந்த நடையும் நான் நடந்ததுதான். உடம்பெல்லாம் கம்பிகளை மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுதும் நடந்தேன். மூன்றாவது விளக்குக்குப் பிறகு திரும்பிப் பார்த்தது, "போதுமா, வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்பதற்காக. அதை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டார்கள். பிம்மை நீக்கியபோது எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நீ எழுதினாய்.

கணக்கைத் திறக்கச் சொல்லி நிறுவனத்திடம் மூன்று தடவை கேட்டேன். முடியாதாம். பயந்தவனே சொன்னாலும் முடியாதாம். ஆனால் என் அலமாரியில் 'அக்கரை' முதன்முதலில் கடைக்கு வந்தபோது இருந்த பெட்டி ஒன்று இருந்தது. வட்டில் பதிந்தது. கணக்கு வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், யாரும் உன்னிடமிருந்து எடுக்க முடியாது. பிம் அதில் இருக்கிறார். நீங்கள் கட்டிய ஊர் இருக்காது. வெறும் கரையும் ஒரு படகும்தான். இத்துடன் அனுப்புகிறேன்.

உன் அம்மாவுக்கு என் வணக்கம்.

யோரிஸ்

*

விதின்,
ஏப்ரல் 24

அன்புள்ள அண்ணா,

ஈஸ்டர் விடுமுறை முடிந்து நீ நல்லபடியாக மலையேறியிருப்பாய். அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டியை மாமாவிடம் முழுதாகச் சேர்த்தாயா, பாதியா? முட்டை மோதும் போட்டியில் ஜெயித்த உன் சிவப்பு முட்டை இன்னும் உடையாமல் அலமாரியில் இருக்கிறது. அது மரமுட்டைதான் என்று அப்பா சாதிக்கிறார்.

நீ கேட்டபடி, நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

வட்டு போடும் கணினி ஊரிலேயே அம்மா கடையில் இருக்கும் பழையது ஒன்றுதான் என்பதால் பள்ளி விட்டதும் அங்கே போகிறேன். விடுமுறையில் நாம் இரண்டு பேரும் புதுக் கரையில் நட்ட நான்கு வேலிக்கம்பங்களுக்குப் பக்கத்தில் ஒரு கோழிக்கூடு கட்டியிருக்கிறேன். உன் கம்பங்களில் ஒன்று கோணல். நான் அதைத் தொடவில்லை.

நேற்று மாலை கடை மூடும் நேரம். அம்மா ஒரு அரைவருடத் தாளை முடித்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். அவள் இதுவரை எந்த விளையாட்டையும் நின்று பார்த்ததில்லை.

"யாரு இது? அந்த ஹாலந்துக்காரரா?"

"பிம், அம்மா."

"மீசை நல்லாத்தான் இருக்கு. நான் கிழிச்ச தாள்ல சரியா தெரியல." இன்னும் கிட்டே குனிந்து, "என்ன பண்றார்?"

"கடைசிப் படகு வந்தாச்சு. விளக்கை அணைக்கப் போறார்."

அம்மா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கதவருகே போய் மின்விசையில் கை வைத்தாள். இனி "எழுந்திரு, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு" என்பாள் என்று நினைத்தேன். ஆனால் அங்கிருந்தே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிம் முதல் விளக்கை அணைத்தார். நடந்தார். இரண்டாவதை அணைத்தார். வழக்கம்போல மெதுவாக நடந்தார்.

"கால் வலிக்குதோ என்னமோ, பாவம்" என்றாள் அம்மா.

மூன்றாவதை அணைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

"போதும், வீட்டுக்குப் போங்க" என்றாள் அம்மா திரையைப் பார்த்து. பிறகு கடையின் விளக்குகளையும் அணைத்தாள்.